குதிகாலுக்கு மேல் வலி, ஓய்வெடுத்தும் திரும்பி வருகிறது: ஓடலாமா, நிறுத்தலாமா?

கோவை_ஓட்டக்காரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். வயது 43. காலையில் ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவன். 10 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுவேன். டிசம்பரில் ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்காகத் தூரத்தைக் கூட்டினேன், வேக ஓட்டமும் மருதமலைப் பக்கம் மேட்டு ஓட்டமும் சேர்த்தேன். அதன் பிறகுதான் தொல்லை. வலது குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே, பின்பக்கம் கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படுகிற இடத்தில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் சில அடிகள் நொண்டித்தான் நடக்க முடிகிறது. ஓடும்போது முதலில் வலித்து, உடம்பு சூடானதும் மறைந்துவிடும். மறுநாள் காலை இன்னும் மோசம்.

டாக்டர் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லி வலி மாத்திரை, ஜெல் கொடுத்தார். சில வாரம் ஓய்வில் இருந்தேன், வலியே இல்லை. திரும்ப ஓடினேன், அதே இடம், அதே வலி. வலியோடு ஓடினால் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஓய்வெடுத்தும் ஏன் ஆறவில்லை? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரும்புத்தோள் | திங்கள், இரவு 10.05

அண்ணா, அது அக்கிலிஸ் டெண்டன், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டுகிற நாண். என் ஜிம் நண்பருக்கும் வந்தது. ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார், ஒரே வாரத்தில் ஸ்குவாட் அடித்தார். டிசம்பருக்கு நாள் இருக்கிறதே, ஊசி போட்டுவிட்டு ஓடுங்கள். லேசான வலிக்கெல்லாம் பயந்தால் உடம்பு ஏறவே ஏறாது.

தெப்பக்குளம் | செவ்வாய், காலை 5.50

எனக்கு 71 வயது, தினமும் நடக்கிறேன். எங்கள் காலத்தில் சுளுக்கு, மூட்டு பிசகல் எதுவானாலும் புத்தூர் கட்டுதான். எண்ணெய் போட்டு நீவி, கட்டுப்போட்டு, காலை அசைக்காமல் வைப்பார்கள். தம்பியும் ஒரு நல்ல கட்டு வைத்தியரிடம் காட்டட்டும். ஐஸ் வைப்பது நல்லதா, வெந்நீர் ஒத்தடம் நல்லதா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் எனக்கும் உதவும்.

மதுரை_பிசியோ | செவ்வாய், இரவு 8.30

கோவை சார், நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற பிசியோ. காலைப் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அக்கிலிஸ் டெண்டன் வலியின் இலக்கணம் போலவே இருக்கிறது: காலைநேர விறைப்பு, சூடானதும் மறைதல், மறுநாள் கூடுதல், அதற்கு முன் திடீரென ஏற்றிய பளு. தூரம், வேகம், மேடு மூன்றையும் ஒன்றாகக் கூட்டியிருக்கிறீர்கள். ஓடும்போது அந்த டெண்டன் உங்கள் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான விசையைத் தாங்குகிறது. மேட்டில் குதிகால் கீழே இறங்குவதால் இழுப்பு இன்னும் கூடும்.

ஓய்வில் ஏன் ஆறவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். டெண்டனில் நடப்பது வெறும் வீக்கம் இல்லை. தாங்கக்கூடிய அளவை மீறிப் பளு விழுந்து, அதன் நார்களின் ஒழுங்கு குலைந்திருக்கிறது. ஓய்வெடுத்தால் பளு நிற்கிறது, வலியும் நிற்கிறது. ஆனால் தாங்கும் திறன் ஏறவில்லை, சும்மா இருந்ததில் இன்னும் இறங்கியிருக்கும். பழைய தூரத்துக்குத் திரும்பியதும் வலியும் திரும்பிவிடுகிறது. உங்கள் டாக்டர் சொன்ன ஓய்வு அந்த நேரத்து எரிச்சலை அடக்க உதவியிருக்கும். அதற்கு அடுத்த படியைத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த அடுத்த படி, டெண்டனுக்கு வேண்டுமென்றே, அளந்து பளு கொடுப்பது. இது வந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுவீடனின் உமியோ நகரில் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பியல் மருத்துவருக்கே இந்த வலி. அறுவை செய்யச் சொல்லிக் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். டெண்டன் இன்னும் கெட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கப் பளு ஏற்றினார். வலி போய்விட்டது. அதையே முறைப்படுத்தி, வெகுநாள் வலியில் இருந்த 15 ஓட்டக்காரர்களிடம் 12 வாரம் செய்து பார்த்து 1998இல் வெளியிட்டார். பதினைந்து பேருமே பழைய ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

செய்முறை: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதம் மட்டும் படும்படி நில்லுங்கள். இரண்டு காலாலும் எம்புங்கள். பிறகு வலிக்கிற காலை மட்டும் ஊன்றி, குதிகாலை மெதுவாக, படிக்குக் கீழே வரை இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து 15 தடவை மூன்று செட், முட்டியைக் கொஞ்சம் மடக்கி 15 தடவை மூன்று செட். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. ஒரு நாளைக்கு 180 ஆகிவிடும். மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள், கெண்டைக்காலின் அடித்தசைக்கு அதுதான் முக்கியம். சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் எடை போட்டுச் செய்ய வேண்டும்.

180 தடவைக்கு நேரமில்லை என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2015இல் டென்மார்க்கில் ஒரு ஒப்பீடு செய்தார்கள். வாரம் மூன்று நாள் மட்டும், கனமான எடையோடு, ஏற 3 விநாடி இறங்க 3 விநாடி என்று மெதுவாகச் செய்தவர்களும் ஓராண்டு முடிவில் அதே அளவு தேறியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் கொடுக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வலி இரண்டு விரற்கடை மேலே இல்லாமல் குதிகால் எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. அங்கே டெண்டன் எலும்பில் நசுங்கும். சமதரையில் செய்ய வேண்டும்.

ஊசி, கட்டு, ஐஸ் பற்றி நாளை எழுதுகிறேன்.

டொரோண்டோ_யாழ் | புதன், காலை 7.15

இதே நோவோடு ஒரு கோடைகாலம் முழுக்கக் கிடந்து எழும்பினவன் நான். பிசியோ அக்கா சொல்லுறது முழுக்கச் சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேணும். முதல் மூன்று, நாலு கிழமையில் மாற்றம் ஒன்றும் தெரியாது. அங்கேதான் கனபேர் விட்டுவிட்டு அடுத்த டாக்டரைத் தேடுகினம். இன்னொன்று, எல்லாருக்கும் 12 கிழமையில் மாறும் என்று நம்பிக்கை குடுக்காதேங்கோ. எனக்கு அதுக்கு மேலேயும் எடுத்தது. என்னோடு ஓடுகிற ஒருவருக்கு இந்தப் பயிற்சி பெரிதாக உதவேல்லை.

அக்கா, பயிற்சி செய்கிற காலத்தில் ஓட்டத்தை நிற்பாட்ட வேணுமா? எனக்கு ஒருத்தர் நிற்பாட்டச் சொன்னார், ஒருத்தர் ஓடச் சொன்னார்.

மதுரை_பிசியோ | புதன், இரவு 9.10

யாழ் அண்ணா, சரியான இடத்தில் கேட்டீர்கள். முதலில் வந்த ஆய்வு சிறியது, அதே முழு வெற்றி பின்னால் எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் தேறுகிறார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு லேசான வலி தங்கிவிடும்.

ஓட்டம் பற்றி: சுவீடனின் கோத்தன்பர்க்கில் 2007இல் இதையே சோதித்தார்கள். பயிற்சி செய்தபடியே ஒரு குழு ஓடியது, இன்னொரு குழு முதல் ஆறு வாரம் ஓடவில்லை. இரண்டு குழுவும் ஒரே மாதிரித் தேறின. ஆனால் ஓடியவர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை நீங்களே மதிப்பிட வேண்டும். ஓடும்போதும் முடித்த பிறகும் 5ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையிலும் 5க்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் ஏறக் கூடாது. இந்த மூன்றில் எது மீறினாலும் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

கோவை சார், உங்களுக்கு என் யோசனை: மேடும் வேகமும் இப்போதைக்கு வேண்டாம். சமதரையில் குறைந்த தூரம், ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை அந்த முதல் சில அடிகள் எப்படி இருக்கின்றன என்பதைக் குறித்து வாருங்கள், ஸ்கேனைவிட அது அதிகம் சொல்லும். அறுந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. அறுவது வேறு மாதிரி: பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் ‘டப்’ என்று கேட்கும், நுனிக்காலில் எம்பவே முடியாது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் அசையாது. அப்படி நேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

ஊசி பற்றி, இரும்புத்தோள் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரம் அருமையாக அடக்கும், உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. பிரச்சினை பிறகுதான். ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை டெண்டன் வலி உள்ள 165 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2013இல் எழுதினார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 12 சதவீதம்தான். அக்கிலிஸில் இன்னொரு பயமும் உண்டு, டெண்டனுக்குள் போனால் அது பலவீனமாகி அறுந்துவிடலாம். ஊசி போட்டு வலியை மறைத்துக்கொண்டு அரை மாரத்தான் ஓடுவதை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடுகிற பி.ஆர்.பி. ஊசியும் இப்போது பல இடங்களில் பல ஆயிரம் ரூபாய்க்குப் போடப்படுகிறது. பிரிட்டனில் 240 அக்கிலிஸ் நோயாளிகளிடம் பாதிப் பேருக்கு அதையும், மீதிப் பேருக்குப் போலி ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல பிசியோவிடம் பல தடவை போகலாம்.

மாத்திரை ஒன்றையும் கவனியுங்கள். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் டெண்டனைப் பாதிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. சளி, காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் நம்மிடம் இருப்பதால் சொல்கிறேன். சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டையும் சோதித்துவிடுங்கள், இரண்டுமே டெண்டனைக் கெடுக்கும்.

தெப்பக்குளம் ஐயா, ஐஸ் கேள்விக்கு வருகிறேன். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலைத் தூக்கி வைத்தல் என்ற நான்கு படிச் சூத்திரத்தை 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். பிற்பாடு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். புதுச் சுளுக்கில் வலி தாங்கவில்லையென்றால் துணி சுற்றி 10 நிமிடம் ஐஸ் வைப்பதில் தப்பில்லை, வலி குறையும். சீக்கிரம் ஆறும் என்று எண்ணி மணிக்கணக்கில் வைக்க வேண்டாம். நாட்பட்ட விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள்.

கட்டு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை, மன்னிக்கவும். சுளுக்கு என்று நினைத்தது எலும்பு முறிவாக இருந்தால்? அடிபட்டவுடனும் பிறகும் நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டுகளின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கனடாவில் 1992இல் வகுத்த விதி, இன்றும் அவசரப் பிரிவுகளில் இதைத்தான் பார்க்கிறார்கள். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு, அசைக்காமல் கட்டிவைப்பதைவிட, தாங்கும் அளவுக்கு நடக்க ஆரம்பிப்பதே நல்லது. முறிந்த இடத்தை நீவினால் கேடு.

தெப்பக்குளம் | வியாழன், காலை 6.05

விளக்கத்துக்கு நன்றி அம்மா. எக்ஸ்ரே எடுக்காமல் நீவக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பிசியோ கிடையாது, கட்டு வைத்தியர்தான் இருக்கிறார். ஜனங்கள் எங்கே போவார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

பி.டி._மாஸ்டர் | வியாழன், இரவு 7.45

ஐயா சொல்வது நியாயம். அந்தக் குறை பெரிய குறை.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு ஒரு கவலை. ‘வலியோடு ஓடலாம், 5 வரை பரவாயில்லை’ என்பதைப் பிள்ளைகள் படித்தால் என்ன ஆகும்? மாவட்டப் போட்டிக்கு முன்னால் முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை, தாங்கிக்கொண்டு ஓடு என்று சொல்கிற கோச்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நடுவழியில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வு எடு என்று சொல்வதை இவ்வளவு குறைத்துப் பேசுவது ஆபத்து என்பது என் கருத்து.

அண்ணாநகர்_அம்மா | வியாழன், இரவு 8.20

மாஸ்டர் சொன்னதால் கேட்கிறேன். என் மகளுக்கு 15 வயது, 3000 மீட்டர் ஓடுகிறாள். ஒரு மாதமாக முன்னங்காலில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது, இப்போது நடந்தாலும் வலிக்கிறது, ராத்திரி தூக்கத்திலும் முனகுகிறாள். விரலால் தொட்டால் ஒரே ஒரு இடத்தில் துடிக்கிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கோச் டேப் ஒட்டி ஓடச் சொல்கிறார். அவள் எடை கூடக் கூடாது என்று சாதமே தொடுவதில்லை.

மதுரை_பிசியோ | வியாழன், இரவு 8.40

அம்மா, ஓட்டத்தை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கே விளையாட்டு மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நீங்கள் எழுதியது எலும்பில் விழுகிற நுண்விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சராக இருக்கக்கூடும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது. ஷின் ஸ்பிளின்ட் என்கிற சாதாரண வலி எலும்பின் உள்விளிம்பு நெடுக விரவி இருக்கும். விரல் நுனியளவு ஒரே இடத்தில் வலிப்பதும், இரவில் ஓய்விலும் வலிப்பதும் வேறு சங்கதி.

ஒரு கேள்வி, தனியாகவும் பதில் சொல்லலாம்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு முதலில் அதை நிறுத்தும், பிறகு எலும்பு பலம் குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து எல்லா நாட்டு மருத்துவர்களையும் எச்சரித்தது. பையன்களுக்கும் வரும். இதற்குச் சிகிச்சை சோறும் ஓய்வும்தான், டேப் இல்லை.

மாஸ்டர், உங்கள் கவலை முற்றிலும் நியாயம். நான் சொன்ன 5 என்ற அளவு டெண்டனுக்கு மட்டும், அதுவும் யாராவது பார்த்து டெண்டன்தான் என்று சொன்ன பிறகு. எலும்புக்கு அது அறவே பொருந்தாது. எலும்பு வலித்தால் பளுவை எடுத்துவிட வேண்டும். வலிப்பது எது என்று தெரியாமல் ஓய்வா ஓட்டமா என்று பேசுவதில் பயனில்லை. நம் கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜி முதுகெலும்பில் வந்த இதே மாதிரி முறிவால் எவ்வளவு காலம் வெளியே இருந்தார்! பந்துவீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பினார். 2008இல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக் அவருடையது. எலும்புக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தால் அது திரும்பத் தரும்.

ரெய்டர்_தஞ்சை | வெள்ளி, இரவு 10.30

அக்கா, நான் கபடி ரெய்டர், வயது 20. முட்டி எலும்புகளைப் பிணைக்கிற ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்து அறுவை செய்து ஐந்து மாதம் ஆகிறது. வலி கொஞ்சம்கூட இல்லை. ஓடுகிறேன், மாடி ஏறுகிறேன். பொங்கலுக்கு ஊர் டோர்னமென்ட். டீமில் எல்லோரும் கேட்கிறார்கள். வலியே இல்லாதபோது ஆடலாம்தானே?

மதுரை_பிசியோ | சனி, காலை 8.15

தம்பி, ஆடாதே.

முட்டிக்குள் வைத்திருக்கிற புது நாண் முதல் மாதங்களில் உண்மையான லிகமென்ட்டாக மாறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அது பலவீனம், ஆனால் வலிக்காது. வலியை வைத்து இதை அளக்க முடியாது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் அறுவை செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதிய ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படுகிற வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. திரும்பி, வெட்டி, ஒற்றைக்காலில் தப்புகிற ஆட்டம் கபடி. அதிலும் நாலு பேர் உன் மேல் விழுவார்கள்.

மாதக்கணக்கு மட்டும் போதாது. தொடையின் முன்தசை பலம் மறுகாலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாவல் சோதனைகளிலும் அப்படியே. தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரியக் கூடாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பிசியோ பிரிவில் விசாரி, சென்னைக்கு வர முடிந்தால் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது.

இரும்புத்தோள் | சனி, காலை 11.00

ஊசி பற்றி அக்கா எழுதியதை என் நண்பருக்கு அனுப்பினேன். அவருக்கு வலி திரும்பி வந்து அடுத்த ஊசி போட யோசித்துக்கொண்டிருந்தாராம். இப்போது பயிற்சியை ஆரம்பிக்கிறேன் என்கிறார். ஜிம்மில் கெண்டைக்காலுக்கான காஃப் ரெய்ஸ் மெஷின் இருக்கிறது, அதில் செய்யலாமா?

மதுரை_பிசியோ | சனி, மாலை 4.20

செய்யலாம். நின்று செய்கிற மெஷின், உட்கார்ந்து செய்கிற மெஷின் இரண்டிலும். 15 தடவை தூக்கக்கூடிய எடையில் ஆரம்பித்து, வாரங்கள் போகப் போக 6 தடவைதான் முடியும் என்கிற எடைவரை ஏற்றச் சொல்லுங்கள். வேகம் காட்ட வேண்டாம். ஆனால் கடைசி ஊசி எப்போது போட்டார் என்பதை ஒரு பிசியோவிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

கோவை_ஓட்டக்காரன் | ஞாயிறு, இரவு 9.00

அனைவருக்கும் நன்றி. இங்கே ஒரு பிசியோவிடம் காட்டினேன், டெண்டனின் நடுப்பகுதிதான் என்று உறுதி செய்தார். பந்தய அமைப்பாளர்களிடம் பேசி 21 கிலோமீட்டரை 10 ஆக மாற்றிக்கொண்டேன். அதுவும் அந்த வாரத்து வலியைப் பார்த்துத்தான். வாரம் மூன்று நாள் கன எடைப் பயிற்சி, இடையில் சமதரை ஓட்டம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரையும் சோதித்தேன், எல்லையைத் தொட்டு நிற்கிறது. இந்த வலி வராவிட்டால் அது தெரிந்தே இருக்காது.

அண்ணாநகர்_அம்மா | ஞாயிறு, இரவு 9.35

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நுண்விரிசல்தான். ஊன்றுகோலோடு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஓட்டம் இப்போதைக்குக் கிடையாது. மாதவிலக்கு நான்கு மாதமாக வரவில்லையாம், என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறாள். டாக்டர் அதற்கும் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், உணவு ஆலோசகரையும் பார்க்கப் போகிறோம். கோச்சிடம் நான் நேரில் பேசிவிட்டேன்.

பி.டி._மாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.10

அம்மா, பாப்பா நலமாகிவிடுவாள், வயது அவள் பக்கம் இருக்கிறது.

எங்கள் ஒன்றியத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு என் கையில்தான் இருக்கிறது. பிசியோ அம்மா அனுமதித்தால் ஒற்றை இடத்து எலும்பு வலி, இரவு வலி பற்றி எழுதிய பகுதியை அப்படியே அதில் போடுகிறேன். ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் மாதவிலக்கு பற்றி மாதம் ஒருமுறை ஆசிரியைகள் மூலம் விசாரிக்கவும் சொல்லப்போகிறேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்டால் பிள்ளைகள் கூச்சப்படாமல் சொல்வார்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

மதுரை_பிசியோ | ஞாயிறு, இரவு 10.25

தாராளமாகப் போடுங்கள் மாஸ்டர். நாலு வரியை நாளை மாலைக்குள் அனுப்புகிறேன், என்னோடு வேலை பார்க்கிற மகப்பேறு மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு.